நாள் கேட்டவளும் நாள் வேண்டாதவளும்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்ற முதல் நாளே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நீதி, உண்மை, குற்றம், தண்டனை என்று பெரிய பெரிய சொற்களைப் பாடமாக்கிக்கொண்டுதான் எல்லோரும் இந்த வேலைக்கு வருகிறோம். பகல் சாப்பாட்டுக்கு எழும்புவதற்குள் நம் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் எதுவென்று பார்த்தால் அது தவணையாகத்தான் இருக்கும். இன்ன வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளித் தவணை, அடுத்த வழக்குக்கும் தவணை. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு வெயிலுக்குள் இறங்கிப் போவார்கள். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கப்போகிறது, பயப்பட வேண்டாம்.

என்னைப் பற்றி உங்களுக்கு ஏற்கனவே சொல்லியிருப்பார்கள். அரைக்கண் முதலியார் என்பது எனக்கு இருந்த பட்டப்பெயர். மொழிபெயர்ப்பாளர்களை அந்தக் காலத்து வழக்கப்படி முதலியார் என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் கல்முனையில் இருக்கிறார்கள். அரைக்கண் வந்தது என் சொந்தச் சம்பாத்தியம். எங்கள் நீதிமன்றத்துக்கும் கடலுக்கும் அதிக தூரமில்லை. பத்து மணிக்குப் பிறகு உப்புக் காற்று யன்னலால் வரும், மின்விசிறி சுற்றும், சட்டத்தரணிமார் ஒரே ராகத்தில் கதைப்பார்கள். அந்த நேரத்தில் என் கண் பாதி மூடிவிடும். ஆனால் காது மூடியதில்லை. ஒரு சொல்லையும் நான் தவறவிட்டதில்லை என்று இன்றைக்கும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

பாதிக் கண் மூடியிருக்கும்போது சொற்கள் வேறு விதமாகக் கேட்கும். அது ஒரு சுகம், நீங்களும் ஒரு நாள் அனுபவிப்பீர்கள். நீதிபதி அட்ஜர்ன்ட் என்று சொல்வார். நான் தவணை என்று தமிழில் சொல்லிவிட்டு, அந்த ஆங்கிலச் சொல்லோடு என்பாட்டில் போய்விடுவேன். அது எங்கிருந்து வந்தது, எந்த நாட்டுச் சனம் அதை முதலில் சொன்னது, எந்த வெயிலில் நின்று சொன்னது என்று யோசிப்பேன். எங்கள் அறையில் கரையான் தொட்ட ஒரு பெரிய அகராதி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் அரசியல் கதைக்க, நான் அதைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வயிற்றுக்குள் நாள் என்ற சொல் இருக்கிறது. ஆதியில் அதற்குத் தள்ளிவைத்தல் என்ற அர்த்தமே கிடையாது. ஒருவரை அழைத்து, இன்ன நாளில் இன்ன இடத்துக்கு வந்து நில் என்று நாள் குறித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. இன்றைக்கு ஏலாது, வேறு நாள் குறிப்போம் என்று சொல்லிச் சொல்லி, நாள் குறித்தது தேய்ந்து போய், ஏலாது என்பது மட்டும் மிஞ்சிவிட்டது. அதற்குப் பிறகு சபையைக் கலைப்பதற்கும் அதையே பாவித்தார்கள். கடைசியில் சாப்பாட்டு மேசையை விட்டெழுந்து பக்கத்து அறைக்குப் போய்ச் சாய்ந்து உட்காருவதற்கும் அதே சொல்தான். ஒரு சொல் இவ்வளவு தூரம் நடந்து வந்து களைத்துப்போய்ச் சாய்மனைக் கதிரையில் விழுந்ததை நினைத்து நான் எனக்குள் சிரித்திருக்கிறேன்.

அதற்குச் சொந்தக்காரச் சொற்களும் உண்டு. போஸ்ட்போன் என்றால் லத்தீனில் பின்னால் கொண்டுபோய் வைத்தல். ப்ரொக்ராஸ்டினேட் என்ற நீளமான சொல்லுக்குள் நாளைக்கு என்பது ஒளிந்திருக்கிறது. டிஃபர் என்றால் அப்பால் தூக்கிக்கொண்டு போதல். ஒருவரோடு ஒருவர் வேறுபடுதல் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் வரும் சொல்லும் அதே வயிற்றில் பிறந்ததுதான். நம்முடைய தவணை இவற்றையெல்லாம் விடக் கொஞ்சம் நல்ல பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கும் தவணை இருக்கிறது, அது முடிந்தால் விடுமுறை வரும். தவணை என்றால் எங்கேயோ ஒரு முடிவு இருக்கிறது என்றுதான் நம் ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள்.

எல்லோருக்கும் அந்த முடிவு வேண்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். மச்சான் மச்சான் உறவான வயற்காரர் இருவர் ஒரு வரம்புக்காக வழக்காடினார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரே மோட்டார் சைக்கிளில் வருவார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் இருந்து இரண்டு பேருடைய வழக்குக் கோப்புகளையும் மடியில் வைத்துக்கொள்வார். தவணை கிடைத்ததும் சந்தைப் பக்கம் ஒரு கடையில் புரியாணி சாப்பிட்டுவிட்டு, பிளேன்டி குடித்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவார்கள். ஒரு நாள் தீர்ப்பு வந்தது. வென்றவர் வாசலில் நின்று தோற்றவரிடம், இனி எப்ப மச்சான் நாம கல்முனைக்கு வாறது என்று கேட்டார்.

இது சிரிப்புக் கதை. நான் சொல்ல வந்தது வேறு ஒன்று. அதற்கு முன் நம் தொழிலின் ஒரு விதியை ஞாபகப்படுத்த வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் எனக்கு மூத்தவராக ஒரு மெதடிஸ்த கிறிஸ்தவர் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதினால் கோபிப்பார், உயிரோடு இல்லாவிட்டாலும் கோபிப்பார். கூண்டில் நிற்பவர் நான் என்றால் நீயும் நான் என்றுதான் சொல்ல வேண்டும், அவர் சொல்கிறார் இவர் சொல்கிறார் என்று நடுவில் புகுந்து நிற்காதே என்பது அவர் கட்டளை. கேட்கச் சின்ன விஷயம். திருடன் நான் எடுத்தேன் என்றால் நீங்களும் ஆங்கிலத்தில் நான் எடுத்தேன் என்பீர்கள், அதில் ஒன்றும் வலிக்காது. வலிக்கிற நாளும் வரும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முந்தி சுபைதா என்றொரு பெண் மனுப் போட்டிருந்தாள். பாலமுனைக்காரி. கணவன் றபீக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தேடப் போன படகுகளும் வெறுங்கையோடு வந்தன. அவன் இறந்துவிட்டான் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அதுதான் அவளுடைய மனு. கலியாணம் முடித்து அதிக காலமில்லை, பிள்ளையுமில்லை. எதிர்த்து நின்றவள் றபீக்கின் தாய், நற்பிட்டிமுனை ஆசியா உம்மா. மகன் உயிரோடு இருக்கிறான் என்பது அவள் கட்சி.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணின் தகப்பன் மகளுக்கென்று வீடு கட்டிக் கொடுப்பார். றபீக்கின் குடும்பம் பரம்பரையாக வயல் செய்தவர்கள், ஒருவரும் கடலில் கால் வைத்தவர்களில்லை. அவன் பாலமுனைக்குக் கலியாணம் முடித்துப் போய், மாமனாரின் படகில் ஏறித் தொழில் பழகினான். மாமனார் மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு படகையும் அவனே பார்த்துக்கொண்டான். அப்படித்தான் கடல் அவனைக் கொண்டுபோனது. ஆகவே ஆசியா உம்மாவின் கண்ணில் மகனைக் கடலிடம் கொடுத்தது மருமகள். இப்போது அவனை மௌத்தாக்கப் பார்ப்பதும் அவள்தான். வேறு மாப்பிள்ளை எடுக்கத்தான் அவசரப்படுகிறாள் என்று நீதிமன்ற வாசலில் வைத்தே சொன்னாள். சுபைதா காது கேளாதவள் போல நின்றாள்.

கிழவியின் நம்பிக்கையை விசர் என்று தள்ளிவிடவும் முடியாது. இயந்திரம் பழுதாகி, படகு இழுபட்டு, வேறு நாட்டுக் கரையில் ஏறி, அங்கே சிறையிலிருந்துவிட்டுத் தாடியோடு திரும்பி வந்தவர்களின் கதை எங்கள் கரை முழுக்க உண்டு. இறந்தவனென்று கத்தம் ஓதிச் சோறு கொடுத்த பிறகு வந்து நின்றவனும் உண்டு. இதனால் அங்கே விசாரிக்க வேண்டும், இங்கே கேட்டு எழுத வேண்டும் என்று ஆசியா உம்மாவின் சட்டத்தரணி ஒவ்வொரு முறையும் எழும்புவார். நீதிபதியும் தவணை கொடுப்பார். அவர் தென்பகுதியிலிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் கொஞ்சம் விளங்கும், ஆனாலும் சாட்சியத்தை ஆங்கிலத்தில் கேட்டுத்தான் பதிவார். பொறுமையான மனிதர். நான் தவணை என்று சொல்லும்போது ஆசியா உம்மா இறைவனுக்கு நன்றி சொல்லி அல்ஹம்துலில்லாஹ் என்பாள். அவளுக்கு ஒவ்வொரு தவணையும் மகனுக்குக் கிடைத்த உயிர். அடுத்த வாங்கில் உட்கார்ந்திருக்கும் சுபைதா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் ஆசியா உம்மா கூண்டில் ஏறித் தன் கனவைச் சாட்சியமாகச் சொன்னாள்.

"கனவில வாறான் ஐயா. சாரன் நனைஞ்சிரிக்கும். உம்மா பசிக்கிது எண்டுவான். மௌத்தானவங்க பசிக்கிது எண்டு கேக்க மாட்டாங்க."

ஒரு கனவை ஆங்கிலத்தில் சொல்வது எனக்கு அதுவே முதல் தடவை. என் மகன் கனவில் வருகிறான், அவன் சாரம் நனைந்திருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டு போக, யன்னலுக்கு அப்பால் கடல் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் கதவடியில் சொட்டச் சொட்ட நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. கூண்டையும் மேசையையும் யாரோ தண்ணீருக்குள் வைத்துவிட்டது போல எல்லாம் மெதுவாக அசைந்தன. அப்போது சுபைதாவின் சட்டத்தரணி எழும்பி, கனவு சாட்சியமாகாது என்று ஆட்சேபித்தார். அது பதிவில் இருக்கட்டும், அதன் பெறுமதியைப் பிறகு பார்க்கிறேன் என்று நீதிபதி சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அன்றைக்கு அது தூக்கம் இல்லை.

சுபைதாவின் முறை வந்தபோது அவள் அதிகம் கதைக்கவில்லை. வேறு கலியாணம் செய்யும் எண்ணமா என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றாள். பிறகு எதற்கு இந்த அவசரம் என்றார்கள். ஊர் மௌலவி அவளுக்குச் சொல்லியிருந்தது இதுதான்: ஆள் காணாமற் போனால் மௌத்து என்று கோடு, அதாவது நீதிமன்றம், தீர்ப்புச் சொல்லும் நாளிலிருந்துதான் அவள் விதவைக்குரிய காலத்தை எண்ணத் தொடங்கலாம். அதைத்தான் அவள் தன் பாஷையில் சொன்னாள்.

"நான் இன்னும் அழல்ல ஐயா. அழுதா அவர நானே மௌத்தாக்கின மாதிரி எண்டு மாமி செல்றா. எனக்கு அழுறதுக்கு ஒரு நாள் வேணும்."

நான் இன்னும் அழவில்லை என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகும் தவணைதான் போனது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருந்தது, அதை விட்டுவிட்டுத் தீர்க்க அவரால் முடியாது. இரண்டு பெண்களும் படி இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்திக்கு ஒரு நாள் வேண்டும், மற்றவளுக்கு அந்த நாள் வரவே கூடாது. இரண்டு பேருக்கும் நான் கொடுத்தது ஒரே சொல்.

கடைசியில் வெளிநாட்டுப் பதிலும் வந்தது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றது. இனித் தவணை கிடையாது, அடுத்த முறை இரண்டு கட்சிக்காரரும் கட்டாயம் வர வேண்டும், மனுதாரர் வராவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்வேன் என்று நீதிபதி எச்சரித்தார். நான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். சுபைதா ஓம் என்று தலையாட்டினாள்.

அந்த நாளும் வந்தது. வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். ஆசியா உம்மா எழும்பி நின்றாள். சுபைதாவின் பெயரை வாசலில் நின்று முதல் தடவை கூப்பிட்டார்கள், பதிலில்லை. இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்கள். வராந்தாவில் ஒரு புறா பறந்த சத்தம்தான் கேட்டது. அவளுடைய சட்டத்தரணி, மனிதர் பாவம், கோப்பைப் புரட்டுகிறார், பின்னால் பார்க்கிறார், கைபேசியை எடுக்கிறார், வைக்கிறார். கட்சிக்காரி ஏன் வரவில்லை என்று தனக்குத் தெரியாது, ஒரேயொரு தவணை தாருங்கள் என்று கேட்டார். நீதிபதி மறுத்துவிட்டார். இவ்வளவு காலம் தீர்ப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் தீர்ப்பு நாளில் வராவிட்டால் நான் என்ன நினைப்பது என்று கேட்டார். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி வாய் திறக்கவில்லை. ஒன்றும் செய்யாமலே வெல்லப்போகிற வழக்கில் யார்தான் வாய் திறப்பார்கள்.

அதை நான் ஆசியா உம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மருமகள் வரவில்லை, ஆகவே மனுவைத் தள்ளப் போகிறார்கள் என்றேன். அவள் அல்ஹம்துலில்லாஹ் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு, நான் ஒண்டு செல்லணும் என்றாள். அவளுடைய சட்டத்தரணி பதறிப்போய் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. நீதிபதி கூண்டுக்கு வரச் சொன்னார்.

"அந்தப் புள்ள வராதது குத்தமில்ல ஐயா. அவ இத்தா இரிக்கா. வெளிக்கிட ஏலா."

சுபைதா செய்த காரியம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கோடு நாள் தரும் தரும் என்று பார்த்துக் களைத்துப்போய், தானே வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருந்துவிட்டாள். இத்தாக் காலத்தில் ஒரு விதவை படி தாண்டக் கூடாது. கோட்டுக்குப் போவது போன்ற அவசியத்துக்கு விதிவிலக்கு இருக்கிறதா என்று யாரிடமும் கேட்கவில்லை, சட்டத்தரணிக்கும் ஆள் அனுப்பவில்லை; ஊர்ப் பேச்சாக மட்டும் அது நற்பிட்டிமுனை வரை வந்து மாமியின் காதில் விழுந்திருக்கிறது. இத்தா இருப்பதற்காக வழக்குப் போட்டவள், இத்தா இருந்ததால் வழக்கை இழக்கப் போனாள். இப்படியொரு பிழையை எங்கள் கரையில் உள்ள ஒருத்தியைத் தவிர வேறு யாரும் விட முடியாது.

நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்து இத்தா என்ற இடத்தில் நின்றேன். அந்தச் சொல்லை அப்படியே வைத்தேன். நீதிபதி என்னைப் பார்த்து அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

பிள்ளைகளே, இங்கேதான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். எனக்கு அதன் அர்த்தம் தெரியும். என் வீட்டுப் பெண்களும் இத்தா இருந்திருக்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சுபைதாவின் சட்டத்தரணி, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினார். நீதிபதி காத்திருந்தார். ஆனால் நான் சொன்னால், ஆசியா உம்மாவுக்கு விளங்காத பாஷையில், அவள் வாயால் சொல்லாமலே, அவள் மகனை நான் மௌத்தாக்கிவிடுவேன். அவள் நற்பிட்டிமுனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தன் சொல்லை வைத்து அங்கே என்ன செய்தார்கள் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு எனக்கு உரிமையில்லை. அதே நேரம் அவளைக்கொண்டே சொல்ல வைப்பது எவ்வளவு கொடுமை என்பதும் தெரிந்தது. சாட்சி பாவித்த சொல்லை அவரிடமே கேட்பதுதான் முறை என்று நீதிபதியிடம் அனுமதி கேட்டேன். அவர் தலையசைத்தார்.

இத்தா என்றால் என்னவென்று ஐயா கேட்கிறார் என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீயும் முஸ்லிம்தானே மனே. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் உம்மா. ஐயாவுக்கு நீங்கதான் செல்லணும்."

நாங்கள் கதைத்ததையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன், ஒன்றையும் விடக்கூடாது என்பது விதி. காற்று வந்து கோப்புகளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. ஆசியா உம்மா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே தென்னை ஓலையும் கொஞ்சம் வானமும்தான் தெரியும், கடல் தெரியாது. அவள் அதற்கும் அப்பால் யாரிடமோ மனதுக்குள் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. சாட்சி பேசாமல் நிற்கும்போது அந்த மௌனமும் அவருடையது. இருமியோ காகிதத்தைத் திருப்பியோ அதை நிரப்பாதீர்கள்.

"புருசன் மௌத்தானா பொஞ்சாதி இரிக்கிறது. நாலு மாசமும் பத்து நாளும். என்ட மகன்ட பொஞ்சாதி இப்ப அதுல இரிக்கா."

என் மகனின் மனைவி என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. நீதிபதிக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது எனக்கு மகன் ஒருவன் இருந்து இல்லாமற் போனது போலவே இருந்தது. வலிக்கிற நாளும் வரும் என்று மேலே எழுதினேனே, எனக்கு வந்தது அன்றைக்கு.

நீதிபதி பொறுமையான மனிதர் என்று சொன்னேன். அவர் மெதுவாக, மனுவை இன்னும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். தான் எதிர்த்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று ஆசியா உம்மா திருப்பிக் கேட்டாள். மனு இன்றைக்கே தள்ளுபடியாகும், அவள் இருக்கும் இத்தாவுக்கு ஆதாரமில்லாமற் போகலாம், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்றார். சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார். இனித் தவணை இல்லை என்று சொல்லியிருந்த அதே மனிதர், ஒரு தாயைப் பார்த்து மனம் இளகி, விரும்பினால் இன்னொரு நாள் தருகிறேன், வீட்டில் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

அதை நான் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவள் அல்லாஹ்விடம் துஆக் கேட்டு வாங்கிப் போனது அதைத்தான். இந்த முறை கேட்காமலே கிடைத்தது. அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"வேணாம் மனே. இண்டைக்கே குடுக்கச் செல்லு."

நீதிபதி தீர்ப்பை அங்கேயே வாசித்தார். றபீக் மரணித்தவன் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நான் வசனம் வசனமாகத் தமிழில் சொல்ல, ஆசியா உம்மா, மௌத்துச் செய்தி கேட்டால் ஓதுகிற இன்னாலில்லாஹியைத் தொடங்கி முழுவதையும் ஓதி முடித்தாள். அதை யாரும் என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நீதிபதியும் அதுவரை பேனாவைத் தொடவில்லை.

வழக்கு முடிந்த கையோடு நானும் வெளியே வந்தேன். அரைக்கண் முதலியாருக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டதே என்று வாசலில் யாரோ பகிடி பண்ணினார்கள். ஆசியா உம்மா படியில் நின்றுகொண்டிருந்தாள். நற்பிட்டிமுனை பக்கத்தில்தான், அவள் எப்போதும் ஆட்டோ ஒன்று பிடித்துப் போய்விடுவாள். ஆட்டோக்காரன் பழக்கத்தில் வந்து முன்னால் நிறுத்தினான். அவள் ஏறவில்லை. அக்கரைப்பற்றுப் பக்கம் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று என்னைக் கேட்டாள். அந்த பஸ் போகிற வழியில்தான் பாலமுனை. மகன் காணாமற் போனதிலிருந்து அவள் அங்கே கால் வைத்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். யன்னலோரத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு உம்மா இல்ல மனே. இத்தா முடியுமட்டும் நான் அங்க இரிக்கப் போறன்."

பஸ் புறப்பட்டது. அவள் ஓதியதை விட்டால், அன்றைக்கு அவள் சொன்னவற்றில் நான் யாருக்கும் மொழிபெயர்க்காமல் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.